எஃப்எஸ்சிகே அடிக்கும் முன்னே: லினக்ஸ் சர்வர் படுத்தால் செய்யக்கூடாதவை

"ஏனுங்ணா, கரண்ட் போயிட்டு வந்துச்சுங்க. சர்வர் ஆன் ஆவுது, ஆனா லாகின் வரைக்கும் போவ மாட்டேங்குது. எஃப்எஸ்சிகே பண்ணச் சொல்லுச்சு. கேட்டதுக்கெல்லாம் ஒய் குடுத்துட்டேனுங்க."

பல்லடம் பக்கம் ஒரு விசைத்தறிக் கூடத்திலிருந்து வந்த போன் இது. எஃப்எஸ்சிகே (fsck) என்பது ஃபைல் சிஸ்டத்தை, அதாவது டிஸ்க்கில் எந்த ஃபைல் எங்கே இருக்கிறது என்ற கணக்கை, சரிபார்த்துத் திருத்தும் கட்டளை. அது கேட்கும் கேள்விக்கு ஒய் என்றால் 'ஆமாம், திருத்து'. நான் போய்ப் பார்த்தபோது லாஸ்ட் அண்ட் ஃபவுண்ட் டைரக்டரியில் ஆயிரக்கணக்கான ஃபைல்கள் பேரில்லாமல் வெறும் எண்களோடு கிடந்தன. எது பாவுக் கணக்கு, எது கூலிப் பட்டியல் என்று ஒவ்வொன்றாகத் திறந்து பிரிக்க நாலு நாள் ஆனது. டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே பதிந்துவைக்கும் ஸ்மார்ட் விவரத்தை எடுத்தால், படிக்க முடியாத செக்டர்கள் (டிஸ்க்கின் சின்னச் சின்னத் துண்டு இடங்கள்) நூற்றுக்கு மேல். டிஸ்க் முன்பே கெட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறது; கரண்ட் கட் அன்றைக்கு அதை வெளியே காட்டியது, அவ்வளவுதான். அந்தத் தம்பி மேல் குற்றமில்லை. திரை கேட்டதை அவர் செய்தார். எஃப்எஸ்சிகே என்ன வேலை செய்யும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை.

அதன் வேலை உங்கள் டேட்டாவைக் காப்பாற்றுவது அல்ல. ஃபைல் சிஸ்டத்தின் கணக்கு ஒன்றோடொன்று ஒத்துப்போக வேண்டும், அதுதான் அதற்கு முக்கியம். ஒத்துப்போகாததை வெட்டி எறியும், இல்லையென்றால் லாஸ்ட் அண்ட் ஃபவுண்டில் கொண்டுபோய்ப் போடும். டிஸ்க் நல்லதாக இருந்து, கரண்ட் கட்டினால் மட்டும் கணக்கு குழம்பியிருந்தால் இது சரியான மருந்து. டிஸ்க்கே சாகிறது என்றால் கதை வேறு. எக்ஸ்ட்4 என்ற பரவலான லினக்ஸ் ஃபைல் சிஸ்டத்தில் ஒரு பிளாக்கைப் படிக்க முடியாமல் போனால், "பிழையை விட்டுவிடட்டுமா? வலுக்கட்டாயமாகத் திரும்ப எழுதட்டுமா?" என்று அடுத்தடுத்து கேட்கும். ஒய் ஆப்ஷனோடு ஓட்டியிருந்தால் இரண்டுக்கும் ஆமாம்தான் பதில். இன்னும் நாலு தடவை முயன்றால் படித்திருக்கக்கூடிய இடத்தின் மேலேயே அது எழுதிவிடும்.

அதனால் கணக்கை யார் குழப்பினார்கள் என்று பார்ப்பதுதான் முதல் வேலை. டிமெஸ்ஜி (dmesg) கட்டளை காட்டும், லினக்ஸின் மையப் பகுதியான கர்னலின் செய்திகளைப் படியுங்கள். எக்ஸ்ட்4 எரர் மட்டும் தனியாக இருந்தால் கணக்கு மட்டும் குழம்பியிருக்கலாம். அதற்கு மேலே ஏடிஏ எரர், ஐ/ஓ எரர், மீடியம் எரர் என்று வரிகள் இருந்தால் பழுது அடியில், ஹார்டுவேரில். அடுத்தது ஸ்மார்ட் விவரத்தைக் காட்டும் ஸ்மார்ட்சிடிஎல் (smartctl) கட்டளை. அதில் "பாஸ்டு" என்ற ஒரு வரியைப் பார்த்துவிட்டு டிஸ்க் நல்லாருக்கு என்று மூடிவிடுவது நான் அடிக்கடி பார்க்கும் தவறு. பார்க்க வேண்டியது கீழே உள்ள பட்டியல். எண் 5 மாற்றி ஒதுக்கிய செக்டர்கள், 197 படிக்க முடியாமல் நிலுவையில் நிற்பவை, 198 சரிசெய்ய முடியாதவை. இந்த மூன்றும் பூஜ்யமாக இருந்தாலும் முழு உத்தரவாதம் கிடையாது. கூகுள் ஆய்வாளர்கள் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், செத்துப்போன டிஸ்க்குகளில் பாதிக்கு மேல் முக்கியமான ஸ்மார்ட் எண்களில் எந்த அறிகுறியும் காட்டாமலே போயிருந்தன.

அதே பட்டியலில் 199, அதாவது டேட்டா போய்வரும் வழியில் நேர்ந்த பிழைகளின் எண்ணிக்கை, கூடிக்கொண்டே போனால் டிஸ்க்கைத் தூக்கிப் போடாதீர்கள். அது பெரும்பாலும் டிஸ்க்கை போர்டோடு இணைக்கும் சாட்டா கேபிளின் பிரச்சினை. கேபிளை மாற்றிய பிறகும் பழைய எண் அப்படியே நிற்கும், குறையாது. மேற்கொண்டு ஏறுகிறதா என்று பார்த்தால் போதும்.

டிஸ்க் மேல் சந்தேகம் வந்துவிட்டால் ரிப்பேரை அங்கேயே நிறுத்திவிட்டு முதலில் நகல் எடுங்கள். டிடிரெஸ்க்யூ இதற்கென்றே உள்ள கருவி. நன்றாகப் படிக்க வருகிற பகுதிகளை முதல் சுற்றில் அள்ளிக்கொள்ளும், அடம்பிடிக்கும் இடங்களுக்குப் பிறகு திரும்பி வரும். மேப் ஃபைல் கொடுத்து ஓட்டினால் இடையில் நின்றாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். எஃப்எஸ்சிகே எல்லாம் அந்த நகலின் மேல்தான். மூல டிஸ்க்கையும் நகல் டிஸ்க்கையும் மாற்றிக் கொடுத்துவிட்டால் காப்பாற்ற வந்ததே அழிந்துபோகும். ரீபூட்டுக்குப் பிறகு டிஸ்க்குகளுக்கு லினக்ஸ் வைக்கும் எஸ்டிஏ, எஸ்டிபி பெயர்கள் இடம் மாறலாம். பெயரை நம்பாமல் சீரியல் நம்பரை டிஸ்க் மேல் ஒட்டிய லேபிளோடு ஒப்பிட்டுவிட்டு என்டரைத் தட்டுங்கள்.

இன்னொரு நிலைமை: சர்வர் ஓடிக்கொண்டே இருக்கும், திடீரென்று எந்த ஃபைலும் சேவ் ஆகாது. பிழையைக் கண்ட கர்னல் தானாகவே பார்ட்டிஷனை (டிஸ்க்கின் பகுதியை) ரீட் ஒன்லியாக, அதாவது படிக்க மட்டும் முடிகிற நிலைக்கு, மாற்றியிருக்கும். ஏற்றுமதிப் பெட்டி லாரி ஏற வேண்டிய நாளில் திருப்பூர் கம்பெனி ஒன்றில் இது நடந்தால் எவ்வளவு நெருக்கடி என்று எனக்குத் தெரியும். "ரீமவுன்ட் பண்ணி ரைட் குடுத்துருங்க, பேக்கிங் லிஸ்ட் மட்டும் அடிச்சுக்கறோம்" என்பார்கள். செய்யாதீர்கள். மேலும் சேதம் ஆகாமல் இருக்கத்தான் கர்னல் கதவைச் சாத்தியது. ரீட் ஒன்லியாக இருக்கும்போதே தேவையான ஃபைல்களை வேறு இயந்திரத்துக்குக் காப்பி எடுங்கள், பேக்கிங் லிஸ்ட்டை அங்கே அடியுங்கள். எழுதும் நிலையில் மவுன்ட் ஆகியிருக்கும் பார்ட்டிஷன் மேல் எஃப்எஸ்சிகே ஓட்டுவதும் இதே வகைக் கேடுதான். லைவ் பென்டிரைவில் பூட் செய்து, முதலில் '-n' ஆப்ஷனோடு ஓட்டினால் எதையும் மாற்றாமல் நிலவரத்தை மட்டும் சொல்லும்.

எக்ஸ்எஃப்எஸ் என்ற வேறு வகை ஃபைல் சிஸ்டம் என்றால் எஃப்எஸ்சிகே அடித்தும் பயனில்லை, அங்கே அது ஒன்றும் செய்யாது. எக்ஸ்எஃப்எஸ் ரிப்பேர்தான் கருவி. அதன் பெரிய எல் ஆப்ஷன் லாகையே, அதாவது இன்னும் எழுதி முடியாத மாற்றங்களின் குறிப்பையே, அழித்துவிடும். ஒருமுறை மவுன்ட் செய்து இறக்கினால் லாக் தானாகத் தீர்ந்துவிடுகிறதா என்று பார்க்காமல் அதைத் தொடக்கூடாது. எக்ஸ்ட்4-இல் சூப்பர் பிளாக் (ஃபைல் சிஸ்டத்தின் தலைமை விவரம் உள்ள இடம்) போய்விட்டால் மாற்றுப் பிரதி பெரும்பாலும் 32768-வது பிளாக்கில் இருக்கும். அந்த எண்ணைக் கண்டுபிடிக்க ஃபைல் சிஸ்டத்தைப் புதிதாக உருவாக்கும் எம்கேஇ2எஃப்எஸ் கட்டளையை ஓட்டச் சொல்லும் குறிப்புகள் உண்டு. அதில் சின்ன என் (-n) ஆப்ஷன் விட்டுப்போனால் டிஸ்க்கை ஃபார்மேட் செய்துவிடும். ஃப்ரீபிஎஸ்டி என்ற வேறொரு ஆபரேட்டிங் சிஸ்டத்தில் இசட்எஃப்எஸ் ஃபைல் சிஸ்டம் வைத்திருப்பவர்களுக்கு எஃப்எஸ்சிகே என்பதே கிடையாது. டேட்டா முழுவதையும் படித்துச் சரிபார்க்கும் ஸ்கிரப்பை மாதம் ஒருமுறை ஓட்டி, ஸ்டேட்டஸில் செக்சம் பத்தியைப் பார்க்க வேண்டும்.

டிஸ்க்கும் கேபிளும் நல்லது, எஃப்எஸ்சிகே சுத்தம் என்கிறது, ஆனால் பத்து நாளில் மறுபடி குழப்பம் என்றால் ரேமைச் சந்தேகியுங்கள். கெட்ட ரேம் தப்பான டேட்டாவை நல்ல டிஸ்க்கில் ஒழுங்காக எழுதிவைக்கும். ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 பிளஸ்ஸை ஒரு ராத்திரி முழுக்க ஓட விடுங்கள். ஒரு சுற்று போதாது. நம் ஊரில் பஞ்சும் ஒரு காரணம். ஸ்பின்னிங் மில்லிலும் பனியன் கம்பெனியிலும் பஞ்சு பறந்து, சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்க்கை மெத்தை போல மூடிவிடும். அதை எடுக்கக் கம்பெனியின் கம்ப்ரசர் ஏரை நேராக அடிக்கிறார்கள். அந்தக் காற்றில் தண்ணீரும் எண்ணெயும் வரும், போர்டு மேல் படியும். பிரஷ்ஷும் வேக்குவமும் போதும், ஃபேன் சுற்றாமல் விரலால் பிடித்துக்கொண்டு.

"ஜர்னல் இருக்குதுங்களே, கரண்ட் போனா என்ன?" என்று கேட்பவர்கள் நிறைய. மாற்றங்களை முன்கூட்டியே குறித்துவைக்கும் ஜர்னல், ஃபைல் சிஸ்டத்தின் கணக்கைக் காக்கும். எழுதி முடியாத உங்கள் பில்லை அது காக்காது. மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு நாளில் கரண்ட் போகிறது, ஜெனரேட்டர் எடுக்கச் சில நொடிகள். அந்த நொடிகளுக்கு யூபிஎஸ் தாங்குகிறதா? அடுத்த பராமரிப்பு நாளுக்கு முன்பே, சர்வரை முறையாக ஷட் டவுன் செய்துவிட்டு, அந்த யூபிஎஸ்ஸில் ஒரு குண்டு பல்பை மாட்டிப் பிளக்கைப் பிடுங்கிப் பாருங்கள். யூபிஎஸ்ஸிலிருந்து சர்வருக்கு யூஎஸ்பி ஒயர் போட்டு நெட்வொர்க் யூபிஎஸ் டூல்ஸ் என்ற மென்பொருளை நிறுவிவிட்டால், பேட்டரி தீரும் முன் சர்வர் தானே ஒழுங்காக அணைந்துகொள்ளும். அந்த விசைத்தறிக் கூடத்து யூபிஎஸ்ஸோடு வந்த ஒயர், பிரிக்காத கவரில், அதன் மேலேயே இருந்தது.