பூமியின் உட்கரு எல்லை: யார் கணக்கில் எழுதுகிறோம்?

பூமியின் உட்கரு நம் காலடியிலிருந்து ஏறக்குறைய 5150 கிலோமீட்டர் ஆழத்தில் தொடங்குகிறது. நிலநடுக்கத்தில் பிறந்து செங்குத்தாக இறங்கும் பி அலை (ஒலிபோல் அமுக்கி விரித்துச் செல்வது) அந்த எல்லையில் மோதி மேலே திரும்பிவரச் சுமார் பதினாறரை நிமிடம் ஆகும். அதில் எல்லையோடு அதற்கு உள்ள உறவு மோதும் கணம் மட்டும்தான். மற்ற நேரமெல்லாம் மேலோட்டிலும், அதற்குக் கீழே கரு வரையுள்ள பாறை அடுக்கான மேன்டிலிலும், திரவமான வெளிக்கருவிலும் கழிகிறது. இத்துறையில் நடந்த பிழைகளில் பெரும்பாலானவை ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை: வழியில் எங்கோ நடந்ததை எல்லையின் கணக்கில் எழுதிவிடுவது.

முதலில் ஒரு சின்னப் பிழை. உட்கரு திடமானது என்று இங்கெ லேமன் 1936இல் கண்டுபிடித்ததாகப் பலரும் எழுதுகிறார்கள். டென்மார்க்கைச் சேர்ந்த லேமன் காட்டியது அதுவல்ல. 1929இல் நியூசிலாந்தில் ஏற்பட்ட நிலநடுக்கத்தின் அலைகள், கரு அலைகளை வளைத்துவிடுவதால் எதுவும் வரக்கூடாத நிழல் பகுதியில் பதிவாகியிருந்தன. கருவுக்குள்ளே அலை வேகமாகச் செல்லும் இன்னொரு கரு இருந்தால்தான் அது பொருந்தும் என்றார். அது திடம் என்பதற்கு வலுவான சான்று 1971இல்தான் வந்தது. பெரிய நிலநடுக்கங்களுக்குப் பின் பூமி முழுவதும் மணிபோல் அதிரும் தன்னதிர்வுகளைக் கொண்டு சீவோன்ஸ்கியும் கில்பர்ட்டும் அதைக் காட்டினார்கள்.

அதே நிழல் பகுதியில்தான் அடுத்த பெரிய சறுக்கலும் நேர்ந்தது. உட்கருவை ஊடுருவி வரும் அலைக்குச் சில விநாடிகள் முன்பே சிறிய நடுக்கங்கள் பதிவேட்டில் தெரிந்தன. உட்கருவைச் சுற்றி இடைப்பட்ட அடுக்கு ஒன்று இருக்கிறது, அதிலிருந்தே இவை வருகின்றன என்று பல ஆண்டுகள் நம்பப்பட்டது. ஒரு அடுக்கு போதாமல் இரண்டு அடுக்கு வைத்த மாதிரிகளும் உண்டு. நேரக் கணக்கு அழகாகப் பொருந்தியதுதான் சிக்கல். 1972இல் கிளியரியும் ஹேடனும் வேறு விளக்கம் தந்தார்கள். சுமார் 2900 கிலோமீட்டர் ஆழத்தில், மேன்டிலும் கருவும் சந்திக்கும் இடத்தில் சிறுசிறு மேடுபள்ளங்களோ கலப்படங்களோ இருந்தால், வெளிக்கருவை மட்டும் கடக்கும் அலை அங்கே சிதறித் திசை திரும்பி, நிழல் பகுதிக்குள் முந்திக்கொண்டு வந்துவிடும். இன்று பாடமாக நிற்பது இந்த விளக்கமே. அடுக்கு வரைந்தவர்கள் 2000 கிலோமீட்டருக்கு மேல் தவறான ஆழத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வந்த நேரத்தை மட்டும் வைத்து அலைக்குப் பெயர் சூட்டக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது. எந்தத் திசையிலிருந்து, எவ்வளவு செங்குத்தாக மேலேறி வருகிறது என்பதையும் பார்க்க வேண்டும். அதற்குத் தனி நிலையம் ஒன்று போதாது. பல கருவிகளை வரிசையாகப் பரப்பிய தொகுதி வேண்டும். கனடாவின் யெல்லோநைஃப் தொகுதி அப்படிப்பட்டது. அதே வகைத் தொகுதி 1960களில் நம் பக்கத்துக் கர்நாடகத்தின் கௌரிபிதனூரிலும் அமைக்கப்பட்டது.

மேன்டிலின் குறுக்கீட்டைக் கழிக்க எல்லோரும் பயன்படுத்தும் வழி, ஒரே நிலநடுக்கத்தின் இரண்டு அலைகளுக்கு இடையிலான நேர வித்தியாசத்தை எடுப்பது. வழி நல்லதுதான். ஆனால் அந்த இரண்டும் மேன்டிலில் ஏறக்குறைய ஒரே பாதையில் வந்திருக்க வேண்டும். வெளிக்கருவை மட்டும் கடக்கும் அலை பிசி, ஏபி என்று இரண்டு கிளைகளாக வருகிறது. ஆழமாக இறங்கி எல்லைக்குச் சற்று மேலே திரும்பும் பிசி கிளையோடு, உட்கருவை ஊடுருவும் அலையை ஒப்பிடலாம்; நிலநடுக்கத்துக்கும் நிலையத்துக்கும் இடையிலான கோணத் தொலைவு சுமார் 147 முதல் 153 பாகை வரை இருக்கும்போது அவற்றின் மேன்டில் பாதைகள் நெருக்கமாக இருக்கின்றன. அதற்கும் அப்பால் ஏபி கிளைதான் கைக்குக் கிடைக்கும். அதுவோ மேன்டிலின் அடித்தளத்தைச் சாய்வாக, விலகிய இடத்தில் கடக்கிறது. அங்குள்ள குழப்பமெல்லாம் உங்கள் கழித்தலில் மிஞ்சும்.

ஏபி கிளையில் இன்னொரு பொறியும் உண்டு. அதன் அலைவடிவம் கால் சுற்று கட்டம் மாறித்தான், அதாவது ஒரு முழு அதிர்வில் கால் பங்கு நகர்ந்துதான், வந்து சேரும். அதைத் திருத்தாமல் இரண்டு வடிவங்களையும் கணினியில் பொருத்தினால், விநாடிக்கு ஒரு முறை அதிரும் அலையில் கால் விநாடி வரை பிழை வரலாம். கால் விநாடி என்ன பெரிய விஷயம் என்று தோன்றும். உட்கரு மேன்டிலைவிட வேகமாகச் சுழல்கிறது என்று 1996இல் சோங்கும் ரிச்சர்ட்ஸும் அறிவித்தபோது, முப்பது ஆண்டுகளுக்கு நெருங்கிய பதிவுகளில் அவர்கள் கண்ட மாற்றமே 0.3 விநாடிதான்.

அந்த அறிவிப்பு கிளப்பிய விவாதமும் கவனிக்கத் தக்கது. தெற்கு சாண்ட்விச் தீவுகளின் பழைய நிலநடுக்கங்களை அலாஸ்காவில் பதிவு செய்து கிடைத்த முடிவு அது. பழைய நிலநடுக்கங்களின் இருப்பிடத்தைத் தவறாகக் குறித்திருந்தாலே இப்படி ஒரு மாற்றம் தோன்றலாம் என்று 2000இல் பூப்பினேயும் சகாக்களும் மறுத்தார்கள். மறுப்பு நியாயமானதே. அதைத் தாண்ட இரட்டை நிலநடுக்கங்கள் தேவைப்பட்டன: ஒரே இடத்தில் பல ஆண்டு இடைவெளியில், அச்சு அசலாக ஒரே அலைவடிவத்தோடு நிகழ்பவை. 1993 டிசம்பரிலும் 2003 செப்டம்பரிலும் அப்படி ஒரு இணை கிடைத்தது. மற்ற அலைகள் ஒன்றின்மேல் ஒன்று படிந்தன. உட்கருவைக் கடந்த அலை மட்டும் விநாடியில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு முந்தி வந்தது. மற்ற அலைகள் படிவதைக் காட்டாமல் உட்கரு அலையை மட்டும் வெட்டி ஒட்டும் படத்தை நம்ப வேண்டாம். நிலையத்தின் கடிகாரம் தவறியிருந்தால் அந்த மற்ற அலைகள்தான் காட்டிக்கொடுக்கும்.

எல்லையில் மோதித் திரும்பும் அலையின் வீச்சிலிருந்து அடர்த்தி எவ்வளவு தாவுகிறது என்று கணக்கிடுபவர்களுக்கு வேறொரு எச்சரிக்கை. இந்த அலை மிகப் பலவீனமானது. பெரும்பாலான பதிவுகளில் இரைச்சலுக்குள் மூழ்கிவிடும். தெளிவாகத் தெரிந்தவற்றை மட்டும் பொறுக்கி எடுத்தால் அடர்த்தித் தாவல் உண்மையைவிடப் பெரிதாக வரும். தெரியாத பதிவும் ஒரு தரவு: அலை இந்த அளவைவிடப் பெரிதாக இருந்திருக்க முடியாது என்று அது சொல்கிறது. பரவலாகப் பயன்படும் மாதிரியில் இந்தத் தாவல் கன சென்டிமீட்டருக்குச் சுமார் 0.6 கிராம். உட்கரு உறையும்போது எவ்வளவு இலேசான தனிமங்கள் வெளிக்கருவில் மிஞ்சுகின்றன, காந்தப்புலத்துக்கு எவ்வளவு ஆற்றல் கிடைக்கிறது என்ற மதிப்பீடுகள் இதை நம்பி நிற்கின்றன.

2023இல் ‘பூமியின் மையம் நின்றுவிட்டது’ என்று வந்த தலைப்புகளைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. நின்றதாகச் சொல்லப்பட்டது மேன்டிலை ஒப்பிட்ட வேக வித்தியாசம். உட்கரு நம்மோடு சேர்ந்து நாளுக்கு ஒரு முறை சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது.

அலைவடிவம் மாறினால் அது சுழற்சியாலா, எல்லையே உருமாறியதாலா என்பதுதான் இன்றைய கேள்வி. ஆப்பிரிக்காவுக்கு அடியில் எல்லை சில இடங்களில் நகர்ந்திருக்கிறது என்று 2006இல் வென் வாதிட்டார். 2025இல் விடேல் குழுவினர் இரண்டையும் பிரிக்க ஒரு உபாயம் செய்தார்கள். உட்கரு மேன்டிலைப் பொறுத்து முன்னே நகர்ந்து, பிறகு பின்தங்கி, தன் பழைய நிலைக்கே திரும்பியிருந்த காலங்களின் பதிவுகளை மட்டும் இணை சேர்த்தார்கள். சுழற்சி மட்டுமே காரணம் என்றால் அவை ஒத்திருக்க வேண்டும். உட்கருவின் மேற்பரப்பை ஒட்டிச் சென்று யெல்லோநைஃப் வந்த அலைகள் ஒத்திருக்கவில்லை.