நெடுந்தீவுக்குப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

யாழ்ப்பாணத்திலிருந்து குறிகட்டுவான் வரை பஸ், அங்கிருந்து ஒரு மணித்தியாலம் படகு, காலையில் போய்ப் பின்னேரம் திரும்பிவிடலாம். நெடுந்தீவுக்கு வெளிக்கிடுகிற பலரும் இப்படித்தான் கணக்குப் போடுகிறார்கள். அந்தக் கணக்கில் காற்றைச் சேர்ப்பதில்லை.

வைகாசி முதல் புரட்டாதி வரை சோளகம் என்ற தென்மேற்குக் காற்று வீசும். அப்போது மழை குறைவு, வெயில் நன்றாக எறிக்கும். அதைப் பார்த்துத்தான் வெளியூர் ஆட்கள் ஏமாறுகிறார்கள். நயினாதீவைத் தாண்டினால் ஏழாத்துப்பிரிவு வரும். நீரோட்டங்கள் மோதுகிற இடம் அது. சோளக நாளில் அங்கே படகு ஒரு பக்கம் சரிந்து மறுபக்கம் எழும், தண்ணீர் முகத்தில் வந்து அடிக்கும். ஊரவர்கள் அரிசிப் பையையும் பிள்ளையையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு பேசாமல் இருப்பார்கள். ஐப்பசிக்குப் பிறகு வாடை என்ற வடகிழக்குக் காற்று, மழை, தாழமுக்கம். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயலும் வட இலங்கையைக் கடந்து இந்தப் பாக்கு நீரிணைப் பக்கம்தான் போனது. மாசி முதல் சித்திரை வரை கடல் பெரும்பாலும் அடங்கியிருக்கும். கச்சதீவு அந்தோனியார் திருவிழாவும் அந்தக் காலத்தில்தான் வருகிறது. ஆனால் திருவிழா நாட்களில் படகும் துறையும் நெருக்கடியாக இருக்கும். வளிமண்டலவியல் திணைக்களத்தின் கடல் எச்சரிக்கையைக் கேட்டுவிட்டு நாள் குறியுங்கள்.

இரண்டாவது தவறுதான் எனக்கு அதிகம் உறுத்துகிறது. அந்தப் படகுகளைச் சுற்றுலாப் படகுகளாக நினைப்பது. குமுதினியும் வடதாரகையும் அந்த மக்களுக்குத் தெரு மாதிரி. ஆசிரியர்கள், தாதிமார், கிளினிக்குக்குப் போகும் வயோதிபர்கள், காஸ் சிலிண்டர், மரக்கறி மூட்டை எல்லாம் அதில்தான் வந்துபோக வேண்டும். சனி ஞாயிறுகளில் நாம் கூட்டமாக ஏறி இருக்கைகளைப் பிடித்துக்கொண்டால், யாழ்ப்பாண ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும் ஒரு அம்மா நின்றுகொண்டே வர வேண்டியிருக்கும். எழும்பி இடம் கொடுங்கள். 1985 மே 15 அன்று குமுதினியில் போன குறைந்தது 23 பேர் நடுக்கடலில் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். அவர்களுடைய உறவினர்கள் இன்னும் அதே கடலில்தான் பயணம் செய்கிறார்கள். படகில் பக்கத்தில் இருப்பவரிடம் வேடிக்கையாக அதைப் பற்றி விசாரிக்காதீர்கள்.

இறங்கியவுடன் திரும்பும் படகு எத்தனை மணிக்கு என்று துறையிலேயே கேட்டு வையுங்கள். ஒரு இரவுக்கான மருந்தும் கையில் காசும் இருக்கட்டும்.

தண்ணீர் விஷயத்தில் செய்யும் தவறு கண்ணுக்குத் தெரியாது. தீவு சுமார் 50 சதுர கிலோமீட்டர், தட்டையான சுண்ணக்கல் நிலம். மழைநீர் அந்தக் கல்லுக்குள் இறங்கி, கீழே இருக்கும் உப்புநீருக்கு மேல் மெல்லிய படையாக மிதக்கும். அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கிணறு உவராகிவிடும். நல்ல தண்ணீர்க் கிணறுகள் சாராப்பிட்டி போன்ற சில இடங்களில்தான் உண்டு. கடும் வரட்சியில் தண்ணீர் இல்லாமல் காட்டுக் குதிரைகள் செத்து விழுந்திருக்கின்றன. அங்கே போய்க் கிணற்றடியில் வாளி வாளியாக அள்ளிக் குளிப்பது அந்த வீட்டின் கோடைகால இருப்பை எடுப்பதுதான். குடிக்கும் தண்ணீரைக் கொண்டுபோங்கள், வெறும் போத்தலைத் திருப்பிக் கொண்டுவாருங்கள்.

பவளக்கல் மதில்களில் ஏறிப் படம் எடுக்கிறார்கள். சாந்து பூசாமல் கல்லின் மேல் கல்லாக அடுக்கியவை அவை. ஒரு கல் சரிந்தால் வரிசையே சரியும், ஆடும் மாடும் தோட்டத்துக்குள் இறங்கிவிடும். திரும்ப அடுக்குவது வீட்டுக்காரரின் வேலையாகிறது.

சுமார் 4,000 பேர் வாழும் ஊர். யார் வந்தார், யார் வீட்டில் நின்றார் என்று சாயங்காலத்துக்குள் எல்லோருக்கும் தெரியும். கமராவோடு முற்றத்துக்குள் நுழையாமல் படலையில் நின்று "அம்மா, வரலாமா?" என்று கேளுங்கள். தேத்தண்ணி தந்தால் மறுக்காதீர்கள். "இதுக்குள்ள எப்படி இருக்கிறியள்?" என்ற இரக்கக் கேள்வி மட்டும் வேண்டாம்.

கடைசியாகச் சொல்வதுதான் மிக ஆபத்தானது. கடல் எழும்பிப் படகு நின்றுவிட்டால், சிலர் இரட்டைக் காசு கொடுத்துச் சின்ன வள்ளம் பிடிக்கப் பார்க்கிறார்கள். "தம்பி, இண்டைக்கு ஏலாது" என்று ஒரு கடற்றொழிலாளி சொன்னால் பேரம் பேசாதீர்கள். காசுத் தேவைக்காக அவர் இறங்கிவிட்டால் அவருடைய உயிரும் சேர்ந்துதான் போகும். தங்குமிடம் விசாரித்து இரவு நில்லுங்கள். படகு மறுபடி ஓடும்போது முதலில் நோயாளிகள், பிறகு வேலைக்கும் படிப்புக்கும் போகிறவர்கள், அதற்குப் பிறகு நீங்கள் ஏறுங்கள். ஏறியதும் உயிர்காப்பு அங்கியைக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள், பக்கத்தில் இருப்பவர் போடாவிட்டாலும்.