சமையல் கத்தி: எதைச் சாணைக்காரரிடம் கொடுப்பது, எதை வீட்டில் தீட்டுவது

வெட்டாத கத்திகள் எல்லாம் ஒரே காரணத்தால் வெட்டாமல் போவதில்லை. சில கத்திகளில் வாய் நன்றாகவே இருக்கும். அதன் மெல்லிய விளிம்பு மட்டும் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும். சிலவற்றில் அந்த விளிம்பு தேய்ந்து உருண்டிருக்கும். இன்னும் சிலவற்றில் ஆட்டெலும்பிலோ தேங்காய் ஓட்டிலோ பட்டு வாய் பல் பல்லாகத் தெறித்திருக்கும். முதல் வகைக்கு உலோகத்தைத் தேய்த்தெடுக்க வேண்டிய தேவையே இல்லை. இரண்டாம் வகைக்கு மிகச் சிறிதளவு தேய்த்தால் போதும். மூன்றாம் வகைக்கு நிறையத் தேய்த்தாக வேண்டும். நிறையத் தேய்க்க வேண்டிய வேலையைச் சுழலும் சக்கரம் வைத்திருப்பவரிடம் கொடுத்துவிட்டு, மற்ற இரண்டையும் வீட்டிலேயே பார்த்துக்கொள்வதுதான் கத்திக்கும் நல்லது, நமக்கும் எளிது என்பது என் கருத்து. நம் வீடுகளில் பெரும்பாலும் இதற்கு நேர்மாறாக நடக்கிறது: மாதக்கணக்கில் எதுவும் செய்யாமல் விட்டு, கத்தி அறவே மழுங்கிய பிறகு தெருவில் சாணைக்காரரின் குரல் கேட்டதும் எடுத்துக்கொண்டு ஓடுகிறோம்.

ஆகவே முதல் வேலை, கத்தி எந்த நிலையில் இருக்கிறது என்று பார்ப்பது. வாய் மேல்நோக்கி இருக்கும்படி கத்தியைப் பிடித்து, விளக்கு வெளிச்சத்தில் மெல்ல அசைத்துப் பார்க்க வேண்டும். கூரான விளிம்பு ஒளியைத் திருப்பிக் காட்டாது. வெள்ளைக் கோடாகவோ புள்ளிகளாகவோ மின்னும் இடங்கள் மழுங்கியவை. அடுத்து, கத்தியின் முதுகுப் பக்கத்திலிருந்து விளிம்பைத் தாண்டி வெளிப்புறமாகக் கட்டைவிரலை மெதுவாக நகர்த்திப் பார்க்கலாம். ஒரு பக்கம் வழுக்கிக்கொண்டு போய், மறுபக்கம் மட்டும் விரலில் சொரசொரவென்று தட்டினால், விளிம்பு அந்தப் பக்கமாகச் சாய்ந்திருக்கிறது. விளிம்பின் நீளவாக்கில் மட்டும் விரலை ஓட்டக் கூடாது.

சாணைக்காரரிடம் கொடுக்கும்போது

சைக்கிளை நிறுத்தி, மிதியை மிதித்து, பட்டையால் இணைத்த கல்சக்கரத்தைச் சுழற்றிச் சாணை பிடிப்பவர்கள் இன்றும் தமிழ்நாட்டுத் தெருக்களில் வருகிறார்கள். மின்சாரச் சக்கரம் வைத்துத் தையற்காரர்களின் கத்தரிக்கோல்களைத் தீட்டித் தரும் கடைகளும் பல ஊர்களின் கடைவீதிகளில் உண்டு. ஒரு மில்லிமீட்டருக்கு மேல் ஆழமாகத் தெறித்த வாய், ஒடிந்த நுனி, ரொட்டி அறுக்கும் ரம்பவாய்க் கத்தி, இரண்டு அலகும் ஒன்றோடொன்று பொருந்தி உரச வேண்டிய கத்தரிக்கோல் ஆகியவற்றை இவர்களிடம் கொடுப்பதே முறை. இவற்றைக் கைக்கல்லில் சரிசெய்ய முயன்றால் பொழுதும் போகும், கல்லிலும் பள்ளம் விழும். மிக்ஸியின் பிளேடும் இந்தப் பட்டியலில் சேரும். கல் உப்பைப் போட்டு மிக்ஸியை ஓட்டினால் பிளேடு கூர்மையாகும் என்று பலரும் சொல்வதை நம்ப வேண்டியதில்லை. உப்பு எஃகைவிட மிகவும் மென்மையானது, அழுக்கை வேண்டுமானால் எடுக்கும்.

சக்கரத்தில் கொடுக்கும்போது அஞ்ச வேண்டியது வெப்பத்தைத்தான். கத்தி எஃகை ஏறத்தாழ 800 டிகிரி செல்சியஸுக்கு மேல் காய்ச்சி, சட்டென்று குளிர்வித்துக் கடினமாக்குகிறார்கள். பிறகு அது கண்ணாடி போல நொறுங்காமல் இருப்பதற்காக, பெரும்பாலும் 150 முதல் 250 டிகிரிக்குள் மீண்டும் சூடாக்கிப் பதப்படுத்துகிறார்கள். நீர் விடாமல் சுழலும் சக்கரத்தில் அழுத்திப் பிடிக்கும்போது, விளிம்பு மிக மெல்லியது என்பதால், நொடிப்பொழுதில் அதன் வெப்பம் இந்த அளவைத் தாண்டிவிடும். அப்போது எஃகின் நிறம் முதலில் வைக்கோல் மஞ்சளாகவும், பிறகு பழுப்பாகவும், 300 டிகிரியை நெருங்கும்போது நீலமாகவும் மாறும். நீலம் ஏறிய இடத்தில் பதம் போய்விட்டது என்று பொருள். அந்த இடத்தை எவ்வளவு கூராகத் தீட்டினாலும் சில நாட்களில் மழுங்கிவிடும். அந்தப் பகுதி முழுவதையும் தேய்த்து எடுப்பதைத் தவிர எளிய வழி இல்லை. பொறி பறப்பதைக் கண்டு மட்டும் பதற வேண்டியதில்லை. பறப்பவை தேய்ந்து விழும் துகள்கள். கத்தியின் வாய் அந்த அளவுக்குச் சூடேறியிருக்க வேண்டும் என்பதில்லை.

இதனால் சாணைக்காரரிடம் கத்தியைக் கொடுக்கும்போது ஒரு கிண்ணத்தில் தண்ணீரும் கொண்டுபோய் வைத்து, “அண்ணே, இடையிடையே தண்ணியில நனைச்சு, லேசா பிடிச்சுக் கொடுங்க” என்று கேட்டுக்கொள்ளலாம். தொழில் தெரிந்தவர் இதைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார். பலர் தாமாகவே அப்படித்தான் செய்வார்கள். வாங்கியதும், காசு கொடுப்பதற்கு முன்பே, கத்தியின் வாயைச் சமதளமான பலகையில் செங்குத்தாக வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பார்க்க வேண்டும். நடுவில் இடைவெளி தெரிந்தால் அங்கே கூடுதலாகத் தேய்ந்துவிட்டது என்று அறியலாம். அப்படிப்பட்ட கத்தியால் வெங்காயம் நறுக்கினால் துண்டுகள் முழுதாக விட்டுப் போகாமல் அடியில் ஒட்டிக்கொண்டே வரும். வாங்கிய கத்தியை நன்றாகக் கழுவித் துடைத்த பிறகே காய்கறியில் வைக்க வேண்டும், ஏனெனில் உலோகத் தூளும் கல் தூளும் அதில் ஒட்டியிருக்கும்.

ஜப்பானிய வகைக் கத்திகள் வைத்திருப்பவர்கள் அவற்றைத் தெருச் சாணைக்குக் கொடுக்காமல் இருப்பது நல்லது. அவற்றின் எஃகு மிகவும் கடினமானது, வாயும் மெல்லியது. கரடுமுரடான சக்கரத்தில் பட்டால் எளிதில் தெறித்துவிடும்.

வீட்டில் தீட்டும் முறை

ஹார்டுவேர் கடைகளில் கிடைக்கும் கறுப்புக் கல்லைக் கடைக்காரர்கள் கார்போரண்டம் கல் என்பார்கள். அது சிலிக்கன் கார்பைடு என்ற செயற்கைப் பொருளால் ஆனது. (அதே பெயரைத் தாங்கிய கார்போரண்டம் யுனிவர்சல் நிறுவனம் 1954இல் சென்னையில் தொடங்கப்பட்டுத் தேய்ப்புப் பொருட்களை உற்பத்தி செய்துவருகிறது.) இந்தக் கல்லின் ஒரு பக்கம் சொரசொரப்பாகவும் மறுபக்கம் ஓரளவு நயமாகவும் இருக்கும். சாதாரண எவர்சில்வர் கத்திக்கும் இரும்புக் கத்திக்கும் இது பயன்படும் என்றாலும், நயமான பக்கம்கூடச் சமையல் கத்திக்குச் சற்றுக் கரடுதான். கல்லின் நயத்தைக் கிரிட் எண்ணால் குறிக்கிறார்கள்; எண் கூடக்கூட நயம் கூடும். 200 முதல் 400 வரையிலான எண்கள் பழுது நீக்க உதவுபவை, 1000 வழக்கமாகத் தீட்டுவதற்கு, 3000க்கு மேற்பட்டவை மெருகேற்ற. ஒரே ஒரு கல்தான் வாங்க முடியும் என்றால் 1000 எண் கல்லை வாங்கலாம். அதன் விலையில் சாணைக்காரரிடம் பலமுறை சாணை பிடித்துவிடலாம் என்பதால், காசு மிச்சமாகும் என்பதற்காக மட்டும் யாரும் கல் வாங்க வேண்டாம். கத்தி எப்போதும் கூராக இருக்கும் என்பதும், அது பல ஆண்டுகள் தேயாமல் உழைக்கும் என்பதுமே வாங்குவதற்கான காரணங்கள்.

ஊறவைக்க வேண்டிய வகைக் கல்லாக இருந்தால் குமிழிகள் நிற்கும்வரை தண்ணீரில் போட்டுவைக்க வேண்டும். மற்ற வகைக்கு மேலே தண்ணீர் தெளித்தால் போதும். கல் நகராமல் இருக்க, ஈரத் துண்டை மடித்து அதன்மேல் வைக்க வேண்டும்.

அடுத்தது சாய்வு. புதிதாகப் பழகுபவர்கள் தடுமாறும் இடம் இதுதான், ஆனால் இதற்கு எளிய கணக்கு ஒன்று உண்டு. கத்தியின் வாய் கல்லில் பட்டிருக்க, அதன் முதுகு அலகின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு உயரத்துக்கு எழும்பியிருந்தால் சாய்வு ஏறத்தாழ 20 பாகை. நான்கில் ஒரு பங்கு எழும்பியிருந்தால் ஏறத்தாழ 15 பாகை. நாலரை சென்டிமீட்டர் அகலமுள்ள கத்தியின் முதுகை ஒன்றரை சென்டிமீட்டர் உயர்த்திப் பிடித்தால் 20 பாகை வந்துவிடும். நம் வீடுகளில் உள்ள பெரும்பாலான கத்திகளுக்கு இந்த 20 பாகை பொருந்தும். மெல்லிய ஜப்பானிய வகைகளுக்கு 15 பாகை. பிடித்த சாய்வு சரிதானா என்று அறிய, வாயை ஒட்டிய சரிவில் மார்க்கர் பேனாவால் மை பூசி, கல்லில் இரண்டு முறை தேய்த்துப் பார்க்கலாம். விளிம்பை ஒட்டி மட்டும் மை அழிந்தால் சாய்வு கூடுதல். மேற்பக்கம் மட்டும் அழிந்தால் குறைவு. சரிவு முழுவதும் அழிந்தால் அதே சாய்வில் தொடரலாம். உண்மையில், எத்தனை பாகை என்பதைவிட, பிடித்த சாய்வைத் தொடக்கம் முதல் முடிவு வரை மாற்றாமல் வைத்திருப்பதே முக்கியம்.

ஒரு கை பிடியைப் பற்றியிருக்க, மறு கையின் இரண்டு மூன்று விரல்கள் அலகின்மேல், விளிம்பைத் தொடாமல் அதற்குச் சற்று உள்ளே இருக்க வேண்டும். விரல்கள் அழுத்தும் இடம்தான் தேயும் என்பதால், கத்தியின் அடியில் தொடங்கிச் சிறிது சிறிதாக நுனி வரை விரல்களை நகர்த்திக்கொண்டே முன்னும் பின்னும் தேய்க்க வேண்டும். நுனி வளையும் இடத்தில் பிடியைச் சற்று உயர்த்தினால்தான் அந்தப் பகுதி கல்லில் படும். கல்லின்மேல் சேரும் கறுப்புச் சேற்றைக் கழுவிவிட வேண்டாம், தேய்ப்பதில் அதற்கும் பங்குண்டு.

ஒரு பக்கத்தை எவ்வளவு நேரம் தேய்ப்பது என்பதற்கு எண்ணிக்கை எதுவும் இல்லை. பிசிறு எழும்வரை தேய்க்க வேண்டும். ஒரு பக்கம் தேய்ந்து விளிம்பை எட்டியதும், மெல்லிய உலோகப் பிசிறு மறுபக்கமாக மடிந்து நிற்கும். முன்பு சொன்னபடி முதுகிலிருந்து வெளிப்புறமாக விரலை நகர்த்தினால் அது தட்டுப்படும். அடி முதல் நுனி வரை ஓரிடம் விடாமல் பிசிறு தட்டுப்பட்டால்தான் அந்தப் பக்கத்து வேலை முடிந்தது. வீட்டில் தீட்டிய கத்தி சரியாக வெட்டவில்லை என்பவர்களில் பெரும்பாலோர் இதற்கு முன்பே நிறுத்திவிட்டவர்கள். பிறகு கத்தியைத் திருப்பி, மறுபக்கத்திலும் அவ்வாறே பிசிறு எழும்பச் செய்ய வேண்டும். அதன்பின் அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே போய், பக்கத்துக்கு ஒருமுறையாக மாற்றி மாற்றி மென்மையாகத் தேய்த்தால் பிசிறு மெலியும். எஞ்சியதை நீக்க, பழைய தோல் பெல்ட்டின் உட்புறத்திலோ, கல்லின்மேல் சுற்றிய செய்தித்தாளிலோ, விளிம்பு பின்னே வரும்படி கத்தியைச் சில முறை இழுக்கலாம். பிசிறை நீக்காமல் விட்டால் கத்தி முதல் நாள் அருமையாக வெட்டி, மறுநாளே மழுங்கும்.

பழுத்த தக்காளியின் தோலில் கத்தியை வைத்து, அழுத்தாமல் இழுத்துப் பார்ப்பது நல்ல சோதனை. வழுக்காமல் இறங்கினால் தீட்டியது போதும். நாளடைவில் கல்லின் நடுவில் குழி விழும். கல்லின்மேல் பென்சிலால் கட்டம் வரைந்து, கண்ணாடிமேல் விரித்த ஈர உப்புத்தாளில் கோடுகள் எல்லாம் அழியும்வரை தேய்த்தால் கல் மீண்டும் சமமாகும்.

அரிவாள்மனையைக் கல்லுக்குக் கொண்டுவர முடியாது, கல்லைத்தான் அதனிடம் கொண்டுபோக வேண்டும். வாய் நமக்கு எதிர்ப்புறம் பார்த்திருக்கும்படி வைத்து, மனையை அசையாமல் நிறுத்திக்கொண்டு, சிறிய கல்லை நனைத்து, விரல்கள் கல்லின் விளிம்பைத் தாண்டாதவாறு பிடித்துத் தேய்க்க வேண்டும். சரிவு ஒரு பக்கம் மட்டுமே இருந்தால் அந்தப் பக்கத்தை மட்டும் தீட்டி, மறுபக்கத்தில் பிசிறை எடுத்தால் போதுமானது. எத்தனை முறை தீட்டினாலும் கூர் நிற்காத பழைய இரும்பு அரிவாள்மனைக்குக் கொல்லுப்பட்டறையில் காய்ச்சித் தோய்ச்சல் வைப்பதுதான் (சட்டென்று குளிர்வித்துக் கடினமாக்குவதுதான்) வழி.

இழுத்தால் கூராகும் என்று விற்கப்படும் வி வடிவக் கருவிகளைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. அவை விளிம்பைப் பிறாண்டி எடுக்கின்றன. மலிவான கத்திக்கு அவசரத்துக்கு உதவும், நல்ல கத்திக்கு வேண்டாம்.

இரண்டு தீட்டலுக்கு இடையில், விளிம்பு சாய்ந்திருக்கும் நிலையில், இறைச்சிக் கடைக்காரர்கள் பயன்படுத்துவது போன்ற எஃகுக் கம்பியில் பக்கத்துக்கு நான்கைந்து முறை இழுத்தால் அது நிமிரும். கம்பி இல்லாவிட்டால், பீங்கான் கோப்பையைக் கவிழ்த்து, அதன் அடியில் மெருகிடப்படாமல் இருக்கும் வளையத்தில் லேசாக இழுக்கலாம். கருங்கல் மேடையிலும் எவர்சில்வர் தட்டிலும் வைத்து நறுக்குவதை நிறுத்திப் பலகைக்கு மாறினால் தீட்ட வேண்டிய தேவையே வெகுவாகக் குறையும். கரண்டிகளோடு ஒரே டப்பாவில் கத்தியைப் போட்டுவைப்பதும் வாயைக் கெடுக்கும். இரும்புக் கத்தியாக இருந்தால், தீட்டிக் கழுவியவுடன் ஈரம் போகத் துடைத்து, ஒரு துளி தேங்காய் எண்ணெய் தடவி வைக்க வேண்டும். புதிதாகக் கூரேறிய விளிம்பில்தான் துரு முதலில் பிடிக்கும்.