பாப்புவா மொழிகளைப் பற்றி எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

இந்தோனேசியாவின் வட மலுக்குப் பகுதியில் மாக்கியான் என்றொரு தீவு இருக்கிறது. கடலிலிருந்து நிமிர்ந்து நிற்கும் ஓர் எரிமலை, அதன் அடிவாரத்தில் கரையை ஒட்டிச் சில கிராமங்கள், அவ்வளவுதான். குறுக்களவு சுமார் 10 கிலோமீட்டர். கிழக்குக் கரையில் பேசும் தாபா மொழி மலாய்க்கும் தகலாகுக்கும் ஹவாய் மொழிக்கும் உறவு. ஆஸ்திரோனேசியக் குடும்பத்தைச் சேர்ந்தது. மேற்குக் கரை மொழிக்கு அந்த உறவு கிடையாது. அது பாப்புவா மொழி. ஆனால் பக்கத்து மொழியிலிருந்து அவ்வளவு சொற்களைக் கடன் வாங்கியிருக்கிறது, சொற்பட்டியலை மட்டும் பார்ப்பவர் ஏமாந்துபோவார். இந்தச் சின்னத் தீவை மனத்தில் வைத்துக்கொண்டு படித்தால், பாப்புவா மொழிகளைப் பற்றித் திரும்பத் திரும்ப எழுதப்படும் பிழைகள் சட்டென்று கண்ணில் படும்.

எல்லாவற்றுக்கும் முதல் பிழை, 'பாப்புவா மொழிக்குடும்பம்' என்று எழுதுவது. திராவிட மொழிக்குடும்பம் என்றால் ஒரு மூலமொழி இருந்தது, அதிலிருந்து தமிழும் தெலுங்கும் கோண்டியும் பிரிந்தன என்று பொருள். பாப்புவா என்ற பெயருக்கு அப்படி ஒரு தாய் இல்லை. நியூ கினிப் பகுதியில் ஆஸ்திரோனேசியத்தில் சேராத மொழிகள் இருக்கின்றன என்பதை 1890களில் மொழியியலாளர் சிட்னி ரே பிரித்துக் காட்டினார். அந்தச் 'சேராதவை' எல்லாவற்றுக்குமான பொதுப்பெயர்தான் பாப்புவா. சுமார் 800 மொழிகள். பல பத்துக் குடும்பங்கள். எந்தக் குடும்பத்திலும் அடங்காத தனிமொழிகளும் உண்டு. டொரிச்செல்லி, செப்பிக், ஸ்கோ, வட ஹல்மஹேரா, தெற்கு பூகன்வில் என்று நீளும் அந்தப் பட்டியலில் ஒன்றுக்கொன்று உறவு என்று யாரும் நிறுவிக் காட்டவில்லை. பூகன்வில் தீவின் ரொட்டோகாஸ் மொழியில் மொத்தமே 11 ஒலியன்கள் (பொருளை வேறுபடுத்தும் ஒலிகள்). ராசெல் தீவின் யெலி மொழியில் 90. இரண்டும் பாப்புவா மொழிகள்தான். இதற்குப் பிறகும் 'பாப்புவா மொழிகளின் பொது இயல்பு' என்று ஒரு பத்தி எழுதுவது நியாயமில்லை.

குடும்பங்களில் மிகப் பெரியது ட்ரான்ஸ் நியூ கினி. 1970இல் முன்மொழியப்பட்டு, 1975இல் வெகுவாக விரிக்கப்பட்டு, பிறகு நான், நீ போன்ற பிரதிப்பெயர்களை வைத்துச் சரிபார்த்தபோது பல கிளைகள் கழிக்கப்பட்ட குடும்பம் இது. எந்த ஆண்டு வகைப்பாட்டைப் பயன்படுத்துகிறோம் என்று சொல்லாமல் எண்ணிக்கை கொடுப்பவரை நம்பாதீர்கள். அதேபோல 1971இல் மொழியியலாளர் ஜோசப் கிரீன்பெர்க் அந்தமான், நியூ கினி, தாஸ்மேனியா மொழிகளையெல்லாம் ஒரே குடையின் கீழ் கொண்டுவந்து 'இந்தோ-பசிபிக்' என்றார். அது மொழியியலாளரிடம் எடுபடவில்லை. ஆனால் இன்றும் அந்தமான் பற்றிய தமிழ்க் கட்டுரைகளில் அது உறுதியான செய்திபோல வருவதைப் பார்த்தால் மனம் பொறுக்கவில்லை.

அடுத்தது நம்மவர்களுக்கே உரிய ஆசை, தமிழோடு முடிச்சுப் போடுவது. பாப்புவா நியூ கினியின் மலைநாட்டுக் கேவா மொழியில் 'நே' என்றால் நீ. கேட்டவுடன் ஆஹா என்று தோன்றும். அதே கேவாவில் 'நி' என்றால் என்ன தெரியுமா? நான். முதல் சொல்லை உறவுக்குச் சான்றாகக் காட்டினால் இரண்டாவதை ஒளித்துவைக்க வேண்டியிருக்கும். தன்மைக்கும் முன்னிலைக்கும் ந, ம, க போன்ற எளிய ஒலிகள் உலகமெங்கும் வருகின்றன. ஒன்றிரண்டு பொருந்திப்போவது இயல்பு. உறவு என்று சொல்ல ஒழுங்கு வேண்டும். தமிழ்ப் பால் கன்னடத்தில் ஹாலு, பல் ஹல்லு, பாம்பு ஹாவு. ஒவ்வொரு சொல்லிலும் ப போய் ஹ வந்து நிற்கிறதே, அதுதான் சான்று.

இலக்கண ஒற்றுமையும் இப்படித்தான் மயக்கும். ட்ரான்ஸ் நியூ கினி மொழிகள் பலவற்றில் வினை கடைசியில் வரும். அதற்கு முன்னே முற்றுப்பெறாத வினைகள் வரிசைகட்டி நிற்கும். நம் 'எழுந்து, குளித்து, சாப்பிட்டுவிட்டுப் போனான்' மாதிரியே இருக்கும். அவற்றில் பலவற்றில், அடுத்த வினையைச் செய்யப்போவது அதே ஆளா, வேறு ஆளா என்பதை முந்தைய வினையின் விகுதியே சொல்லிவிடும். நம்மிடமும் 'அவன் வந்து உட்கார்ந்தான்', 'அவன் வர நான் எழுந்தேன்' என்று அந்த வேறுபாட்டின் ஒரு சாயல் உண்டு. படிக்கப் படிக்க இனிக்கும் ஒற்றுமைதான். ஆனால் ஜப்பானியத்திலும் துருக்கியத்திலும்கூட வினை கடைசியில்தான் வருகிறது. அமைப்பு ஒத்துப்போவது வேறு, ஒரே மூலத்திலிருந்து பிறப்பது வேறு.

இனி புவியியல். 'கரையில் ஆஸ்திரோனேசியர், மலையில் பாப்புவர்' என்ற சூத்திரம் பாதிதான் சரி. நியூ கினியின் உள்நாட்டு மலைத்தொடரில் ஏறக்குறைய முழுக்கப் பாப்புவா மொழிகளே என்பது உண்மை. அதற்காகக் கரையெல்லாம் பின்னால் வந்த ஆஸ்திரோனேசியர்களுடையது என்று எண்ணிவிடக் கூடாது. தெற்குக் கரையின் சதுப்புகளிலும் கழிமுகங்களிலும் அஸ்மத், மரிந்த், கிவாய் மொழிகள் பேசப்படுகின்றன; எல்லாம் பாப்புவா மொழிகள். தலைநகர் போர்ட் மோர்ஸ்பியின் ஹனுவாபடா கிராமத்தில் ஆஸ்திரோனேசிய மோட்டு மக்களும் பாப்புவா மொழிக்காரர்களான கொய்த்தா மக்களும் பல தலைமுறையாகச் சேர்ந்தே வாழ்கிறார்கள், பெண் கொடுத்து எடுக்கிறார்கள்.

அந்த மோட்டு மக்களின் 'ஹிரி' பயணம் கடலைப் பற்றிய நம் எண்ணத்தையே மாற்றிவிடும். பெண்கள் வனைந்த மண்பானைகளை லக்கத்தோய் என்னும் பெரிய பாய்மரக் கலங்களில் அடுக்கிக்கொண்டு, தென்கிழக்குக் காற்றில் மேற்கே பாப்புவா வளைகுடாவுக்குப் போவார்கள். வடமேற்குக் காற்று பிடித்ததும் சேகோ மாவோடு திரும்புவார்கள். (நம்மூர் ஜவ்வரிசி மரவள்ளிக்கிழங்கில் செய்வது, அவர்களுடைய சேகோ, சதுப்பில் வளரும் ஒருவகைப் பனையின் தண்டுச்சோற்றிலிருந்து எடுப்பது.) பானைக்கும் மாவுக்கும் பேரம் பேசிய அந்த வாணிக மொழிகள் வளைகுடாக்காரர்களின் பாப்புவா மொழிகளை அடிப்படையாகக் கொண்டவை. இன்று பாப்புவா நியூ கினியின் ஆட்சிமொழிகளில் ஒன்றாக உள்ள 'ஹிரி மோட்டு' அந்தப் பயணங்களின் மொழி என்று எழுதுவது பெயரைப் பார்த்துச் செய்யும் தவறு. அது எளிமையாக்கப்பட்ட மோட்டு மொழியிலிருந்து வந்தது.

நாட்டெல்லையும் மொழியெல்லையும் ஒன்றல்ல. பாப்புவா நியூ கினியில் பேசினால் பாப்புவா மொழி என்பதில்லை. மானுஸ் தீவின் மொழிகள் ஆஸ்திரோனேசியம், ரபாவுல் பக்கத்து தோலாய் ஆஸ்திரோனேசியம், டோக் பிசின் ஆங்கிலச் சொற்களில் எழுந்த கிரியோல், அதாவது கலப்பில் பிறந்து தாய்மொழியாகிவிட்ட மொழி. மறுபக்கம், கிராம்பின் தாயகமான டெர்னாட்டே, திடோரே தீவுகளின் சுல்தான்கள் பேசியது வட ஹல்மஹேராக் குடும்பத்துப் பாப்புவா மொழி. கிழக்குத் திமோரின் ஃபதாலுக்கு, மக்காசாய், புனாக் மொழிகளும் பாப்புவா மொழிகளே. ஆஸ்திரேலியாவுக்கு உட்பட்ட டாரஸ் நீரிணையின் கிழக்குத் தீவுகளில் பேசும் மெரியம் மொழியும் அப்படித்தான்.

'மலைகள் பிரித்ததால் இத்தனை மொழிகள்' என்ற விளக்கம் எல்லாரும் சொல்வது. மலைநாட்டு எங்கா மொழியை 2 லட்சம் பேருக்கு மேல் பேசுகிறார்கள். தாழ்வான செப்பிக் பகுதியில்தான் ஓரிரு ஊரோடு நின்றுவிடும் மொழிகள் ஏராளம். மலையைக் காரணம் காட்டுபவர் இதற்கு என்ன பதில் சொல்வார்? எனக்குப் பட்டதைச் சொல்கிறேன். மக்கள் தங்கள் பேச்சு அடுத்த ஊர்ப் பேச்சிலிருந்து வேறாக இருக்க வேண்டும் என்று விரும்பியிருக்கிறார்கள். பூகன்வில்லின் புயின் மொழியில் உய்சாய் என்றொரு வட்டார வழக்கு உண்டு. மற்ற வழக்குகளில் ஆண்பாலுக்குரிய விகுதி இதில் பெண்பாலுக்கு வரும், பெண்பாலுடையது ஆண்பாலுக்கு வரும், முழுக்கத் தலைகீழ். எந்த மலையும் ஆறும் செய்யக்கூடிய வேலையில்லை இது.

இன்றைய கடற்கரை எல்லையை வைத்துப் பழங்காலக் குடியேற்றத்தை வரைவதும் தவறு. சுமார் 8,000 ஆண்டுகளுக்கு முன்புவரை நியூ கினியும் ஆஸ்திரேலியாவும் தரைவழி இணைந்திருந்தன. சுமார் 6,000 ஆண்டுகளுக்கு முன் செப்பிக், ராமு ஆறுகளின் தாழ்நிலத்துக்குள் கடல் வெகுதூரம் புகுந்திருந்தது. இப்போது உள்நாடாகத் தெரியும் ஊர்களின் இடம் அன்று கடற்கரையாக இருந்திருக்கலாம்.

வரைபடத்தில் புள்ளி வைப்பவர்களுக்கு இன்னும் இரண்டு இடங்கள். எரிமலைக்கு அஞ்சி 1975இல் மாக்கியான் மக்களில் பெரும்பகுதியினரை அரசு பக்கத்துப் பெரிய தீவான ஹல்மஹேராவின் மாலிஃபுட் பகுதிக்குக் குடிபெயர்த்தது. 1988இல் மலை வெடித்தது. அந்த மொழிகளுக்குத் தீவில் ஒரு புள்ளி, மாலிஃபுட்டில் ஒரு புள்ளி வேண்டும். மற்றது இந்தோனேசியாவின் சும்பாவா தீவிலுள்ள தம்போரா. 1815இல் அந்த எரிமலை வெடித்தபோது மலையடிவாரத்து மக்களோடு அவர்கள் மொழியும் போயிற்று. அதற்குமுன் யாரோ கேட்டு எழுதிவைத்த ஐம்பதுக்கும் குறைவான சொற்களே மிச்சம். அவை அக்கம்பக்கத்து ஆஸ்திரோனேசிய மொழிகளோடு பொருந்தவில்லை. பாப்புவா மொழியாக இருந்திருக்க வேண்டும் என்று கருதுகிறார்கள். பேச ஆளில்லை என்று பல வரைபடங்கள் அதை விட்டுவிடுகின்றன. உங்கள் படத்தில் பாலிக்குக் கிழக்கே, சும்பாவாவின் வடகரையில், அந்தப் புள்ளியையும் வையுங்கள்.