மருந்து கெட்டிக்கும் முன் வெறும் கேப்பு ஒன்று

உரிமம் பெற்ற பழைய கேப்புத் துப்பாக்கியை (குழலின் வாய்வழியே வெடிமருந்தைக் கெட்டித்து, அதாவது இறுக்கி நிரப்பி, கேப்பு என்ற சிறு வெடிமூடியால் பற்றவைப்பது) பெங்களூரின் மழைக்கால ஈரத்துக்கு அஞ்சி எண்ணெய் பூசி வைத்திருப்பவர்கள், மருந்து கெட்டிப்பதற்கு முன், கெட்டிக்கோலை அடிவரை விட்டுக் குழல் காலி என்று உறுதிசெய்துகொண்டு, பாதுகாப்பான திசையில் அதன் வாயை ஒரு புல்லுக்கு அருகே தாழ்த்தி, கண்ணாடி அணிந்தபடி வெறும் கேப்பு ஒன்றை வெடித்துப் பார்ப்பது நல்லது. புல் அசைந்தால் தீ செல்லும் வழி திறந்திருக்கிறது. அசையாவிட்டால், கேப்பு பொருந்தும் துளையுள்ள சிறு முனையான நிப்பிளைக் கழற்றி, மெல்லிய கம்பியால் துளையைச் சுத்தம் செய்ய வேண்டும்.

துப்பாக்கியை நிமிர்த்தி வைக்கும்போது குழலில் பூசிய எண்ணெய் மெல்ல இறங்கி, நிப்பிளிலிருந்து மருந்தறைக்குப் போகும் அந்தச் சிறு துளையில் தேங்குகிறது. அதனால் கேப்பின் தீ பாதியிலேயே அணைந்துவிடும், அல்லது எண்ணெயில் ஊறிய கருமருந்து பற்றாது. வெறும் கேப்பு அந்த எண்ணெயை ஊதித் தள்ளி எரித்துவிடுகிறது. வாயைக் கீழ்நோக்கி வைத்தால் தொல்லை பெருமளவு வராது என்பதால், அதையே நான் முதலில் பரிந்துரைப்பேன்.

கேப்பை அடிக்கும் சுத்தியலான குதிரை அடித்து அடித்து நிப்பிளின் நுனி நசுங்கி, கேப்பு முழுதாகப் பொருந்தாமல் நின்றால், இந்த முறை உதவாது. நிப்பிளையே மாற்ற வேண்டும். மருந்து கெட்டித்த பிறகு இந்த வெறும் கேப்புச் சோதனையைச் செய்யவே கூடாது. கெட்டித்த துப்பாக்கி வெடிக்காமல் போனால், தாமதமாக வெடிக்கக்கூடும் என்பதால், குறைந்தது 1 நிமிடமாவது அதன் வாயைப் பாதுகாப்பான திசையிலேயே பிடித்திருங்கள்.