கர்ப்ப காலத்தில் எடை: மரச்சீனி எவ்வளவு, சாளை எவ்வளவு?

"ரெண்டு உயிருக்குச் சேர்த்துச் சாப்பிடு" என்று தட்டில் சோற்றைக் குவிக்காத வீடு குமரி மாவட்டத்தில் அபூர்வம். முதல் மூன்று மாதம் கூடுதல் சாப்பாடே தேவையில்லை. நான்காம் மாதத்திலிருந்து நாளுக்கு சுமார் 350 கலோரி கூடினால் போதும். ஒரு முட்டை, ஒரு டம்ளர் பால், சின்னக் கிண்ணம் அவித்த சிறுபயறு, ஒரு மட்டி வாழைப்பழம். கணக்கு அதோடு முடிந்தது.

எத்தனை கிலோ கூடலாம் என்பது கருத்தரிக்கும் முன் இருந்த எடையைப் பொறுத்தது. எடையை மீட்டரில் உள்ள உயரத்தால் இரண்டு முறை வகுங்கள். 155 செ.மீ. உயரம், 50 கிலோ என்றால் சுமார் 21 வரும். இந்த எண் 18.5-க்குக் கீழே என்றால் மொத்தம் 12.5 முதல் 18 கிலோ வரை கூடலாம், 18.5–24.9 என்றால் 11.5–16, 25–29.9 என்றால் 7–11.5, 30-ம் அதற்கு மேலும் என்றால் 5–9. இரட்டைக் குழந்தைக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. வாரம் ஒருநாள், காலையில் சிறுநீர் கழித்த பின், வெறும் வயிற்றில், ஒரே மெஷினில் எடை பாருங்கள். வீட்டு மெஷினும் ஆஸ்பத்திரி மெஷினும் ஒரு கிலோ வித்தியாசம் காட்டினால் பயப்பட வேண்டாம்.

எடை தப்புவது பெரும்பாலும் மாவுச்சத்தில்தான். காலையில் புட்டும் பழமும், மதியம் சம்பா சோறு, சாயங்காலம் சாயாவோடு பழம்பொரி, ராத்திரி மரச்சீனி (மரவள்ளிக் கிழங்கு). 200 கிராம் அவித்த கிழங்கில் 300 கலோரிக்கு மேல் உண்டு, புரதமோ மூன்று கிராம்கூடத் தேறாது. கிழங்கு ஆசையா? அன்று அந்த வேளைக்குச் சோறு வேண்டாம். தோலுரித்து நறுக்கி, நிறையத் தண்ணீரில் திறந்து வைத்து வேகவிட்டு, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். கிழங்கின் நச்சு அதில்தான் இறங்கும். கூடவே மீன் கட்டாயம்.

மீனில் சாளைக்கும் (மத்தி) நெத்திலிக்கும் மிஞ்சியது இல்லை. விலையும் கம்மி, பாதரசமும் கம்மி. பொரிப்பதைவிட மாங்காய் போட்டு அவியல் வைத்தால் எண்ணெய் மிச்சம். சுறா வேண்டாம், பெரிய மீனில் பாதரசம் சேரும். "பால் ஊறும்" என்று பிரசவத்துக்குப் பின் கொடுக்கும் சுறாப்புட்டுக்கும் இதே பதில்தான். தேங்காய் அரைத்த குழம்பு, அவியல், துவையல் மூன்றும் ஒரே வேளையில் வேண்டாம், ஒன்று போதும்.

ஏழாம் மாதம் வரும் முந்திரிக்கொத்து, அச்சு முறுக்கை ஒரு நாளைக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டு மீதியைப் பங்கு வையுங்கள். 24–28 வாரத்தில் சர்க்கரைப் பரிசோதனையைத் தவறவிடாதீர்கள். 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரத்தில் 140 அல்லது அதற்கு மேல் வந்தால் சாப்பாட்டு முறையே மாறும்.

இரும்புச்சத்து மாத்திரையை சாயா, பாலோடு போட்டால் உடம்பில் சரியாகச் சேராது. எலுமிச்சைச் சாறோடு போடுங்கள். கால்சியம் மாத்திரைக்கு இரண்டு மணி நேரம் இடைவெளி விடுங்கள். இரும்புச்சத்து மாத்திரையால் மலம் கறுத்துப் போவது சகஜம்.

"பிள்ளை பெருத்தா பிரசவம் கஷ்டம்" என்று மெலிந்த பெண்ணைப் பட்டினி போடுவது தப்பு, குழந்தை எடை குறைந்து பிறக்கும். நான்காம் மாதத்துக்குப் பிறகு இரண்டு வாரம் எடை ஏறவே இல்லையென்றால் டாக்டரிடம் சொல்லுங்கள். ஒரே வாரத்தில் ஒரு கிலோவுக்கு மேல் ஏறி, முகமும் கையும் வீங்கி, தலைவலியோ கண் மங்கலோ இருந்தால் அது சாப்பாட்டால் வந்ததல்ல. அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய் பிரஷர் பாருங்கள்.