சர்வர் மாற்றும்போது பெயரை நம்பாதீர்கள், எண்ணைப் பாருங்கள்

போன வாரம் ராத்திரி 11.30 மணிக்கு தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு தம்பி போன் செய்தான். என்னிடம் ஆறு மாதம் வேலை கற்றவன், இப்போது தனியாகச் சின்னச் சின்ன ஆபீஸ்களுக்கு சர்வர் பார்த்துக் கொடுக்கிறான். "அண்ணா, யூசரை எல்லாம் புது சர்வருக்கு மாத்திட்டேன், ஃபைலும் வந்துடுச்சு, ஆனா ஓனர் பேரு மட்டும் மாறி மாறி வருது. எல்லாத்துக்கும் 777 போட்டுடட்டுமா?"

"டேய், கீபோர்டுல இருந்து கையை எடு" என்றேன். 777 என்றால் எந்த ஃபைலையும் யார் வேண்டுமானாலும் திறக்கலாம், மாற்றலாம் என்று விட்டுவிடுவது. பல வருஷத்துக்கு முன்னால் மண்ணடியில் நான் செய்த அதே தப்பு, அதே வரிசையில். இந்த வருஷம் இப்படி வந்த மூன்றாவது போன் இது. அதனால்தான் எழுதுகிறேன். பேக்கப் எடுங்கள், டிஸ்கில் இடம் இருக்கிறதா பாருங்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும், அதை விட்டுவிடுகிறேன். கீழே ஒவ்வொரு தலைப்பும் செய்யக் கூடாத ஒரு தப்பு.

யூசர்களைப் புதிதாக உருவாக்கிவிட்டு ஃபைல்களைக் கொண்டுவருவது

இந்த சர்வர்களில் ஓடும் லினக்ஸில் ஒரு ஃபைல் யாருடையது என்பது பெயராக எங்கும் எழுதப்படுவதில்லை. டிஸ்கில் இருப்பது ஒரு எண் மட்டும்தான், யூஐடி. ஃபைல் பட்டியல் காட்டும் எல்எஸ் கட்டளையை நீங்கள் அடிக்கும்போது அது அந்த எண்ணை எடுத்துக்கொண்டு போய், யூசர்களின் பட்டியலான பாஸ்வட் ஃபைலில் தேடி, அதற்கு நேரே இருக்கும் பெயரைக் காட்டுகிறது. பழைய சர்வரில் 1007 என்றால் கணக்கு பார்க்கும் அக்கா. புது சர்வரில் 1007 வேறு ஆளாக இருந்தால், அக்காவின் ஃபைல் எல்லாம் அந்த வேறு ஆளுடையது. எந்த எச்சரிக்கையும் வராது, சிவப்பில் ஒரு எழுத்துகூட வராது.

மண்ணடியில் அது ஒரு கிளியரிங் ஆபீஸ், துறைமுகத்தில் சரக்கு எடுத்துக் கொடுப்பவர்கள். 34 யூசர். பழைய சர்வரில் ஆட்கள் வேலைக்குச் சேர்ந்த வரிசையில் எண் விழுந்திருந்தது, நடுவில் விலகிப் போனவர்களின் எண்கள் ஓட்டையாகக் கிடந்தன. நான் ஞாயிற்றுக்கிழமை சம்பளப் பட்டியலை வாங்கி வைத்துக்கொண்டு, அகர வரிசையில் 34 பேரையும் யூசர்ஆட் போட்டு உருவாக்கினேன். அப்புறம் ஃபைல்களை காப்பி செய்யும் ஆர்சிங்க் கட்டளையில், எண்ணை அப்படியே கொண்டுவரும் நியூமெரிக்-ஐடிஸ் என்ற ஆப்ஷனைச் சேர்த்து ஃபைல்களை இழுத்தேன், அதுதான் பத்திரம் என்று எங்கேயோ படித்திருந்தேன். எண்கள் இரண்டு பக்கமும் ஒன்றாக இருந்தால்தான் அது பத்திரம். அந்த ஆப்ஷனைப் போடாமல் ரூட்டாக (எல்லா அதிகாரமும் உள்ள அட்மின் அக்கவுண்ட்) ஓட்டியிருந்தால் ஆர்சிங்க் பெயரை வைத்துப் பொருத்தியிருக்கும், எல்லாம் சரியாகவே வந்திருக்கும். ஆனால் பழைய டிஸ்கையே கழற்றிப் புது மெஷினில் மாட்டினால் அந்த உதவியும் இல்லை, எண் எண்ணாகவேதான் இருக்கும்.

திங்கட்கிழமை காலை 9.30. அக்கா தன் ஃபோல்டரைத் திறந்தால் பர்மிஷன் டினைட். கஸ்டம்ஸ் ஹவுசுக்கு ஷிப்பிங் பில் எடுத்துப் போகும் பையன் எதையோ தேடப்போய், பொது ஷேரில் இருந்த சம்பள ஷீட்டைத் திறந்துவிட்டான். அக்கா மட்டும் பார்க்கும்படி 600 போட்டு வைத்த ஃபைல் அது. இப்போது 1007 அவன். டீ வருவதற்குள் யாருக்கு எவ்வளவு சம்பளம் என்று ஆபீஸ் முழுக்கத் தெரிந்துபோனது. பத்து வருஷத்துக்கு மேல் அங்கே இருந்த ஒருவர், தனக்குப் பின்னால் வந்தவருக்குத் தன்னைவிட 4,000 ரூபாய் அதிகம் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டார். அந்த மாதக் கடைசியில் வேலையை விட்டார். அக்கா என்னிடம் கோபமாக ஒரு வார்த்தை பேசவில்லை, அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

இதற்கு மேல் நான் செய்ததுதான் இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் வரவைப்பது. பதற்றத்தில் உடனே சரிசெய்ய உட்கார்ந்தேன். 1007 எண் உள்ள ஃபைலை எல்லாம் தேடி 1012-க்கு மாற்று என்று ஒரு கட்டளை. அடுத்து 1012-ஐ 1005-க்கு மாற்று என்று இன்னொன்று. யோசித்துப் பாருங்கள்: முதல் கட்டளை முடிந்த நொடியில் 1012-இல் இரண்டு பேருடைய ஃபைல் கலந்து கிடக்கிறது. இரண்டாவது கட்டளை அந்த இரண்டையும் சேர்த்தே 1005-க்குத் தள்ளிவிடுகிறது. இனி எது யாருடையது என்று அந்த டிஸ்கை வைத்துச் சொல்லவே முடியாது. முதல் தவறுக்குத் திரும்பும் வழி இருந்தது, இதற்கு இல்லை. பழைய சர்வர் அழியாமல் இருந்ததால் மட்டும் தப்பித்தேன், முழுவதையும் மறுபடி இழுக்க இரண்டு நாள் ஆனது.

இரண்டு டம்ளரில் இருக்கும் டீயையும் காபியையும் இடம் மாற்ற மூன்றாவது டம்ளர் வேண்டும் இல்லையா, அதே கதைதான். முதலில் எல்லா எண்களையும் யாரும் இல்லாத உயரத்துக்குக் கொண்டு போங்கள், 1007 என்றால் 51007, 1012 என்றால் 51012. ஒருவர் விடாமல் அங்கே போன பிறகு, அங்கிருந்து ஒவ்வொருவரையும் சரியான எண்ணுக்கு இறக்குங்கள். குரூப் எண்ணுக்கும் இதே வேலை தனியாக உண்டு.

இந்தப் பாடே வேண்டாம் என்றால், யூசர்களை உருவாக்காதீர்கள், பெயர்த்து எடுத்து நடுங்கள். பழைய சர்வரின் பாஸ்வட் ஃபைலிலிருந்து யூசர் எண் 1000-உம் அதற்கு மேலும் உள்ள வரிகளை மட்டும் எடுங்கள் (65534 நோபடி என்ற சிஸ்டம் அக்கவுண்ட், அதை விடுங்கள்). அதே ஆட்களின் வரிகளை ஷேடோ (பாஸ்வேர்டுகள் இருக்கும் ஃபைல்), குரூப், ஜிஷேடோ (குரூப் விவரங்கள் இருக்கும் ஃபைல்கள்) மூன்றிலிருந்தும் எடுங்கள். புது சர்வரின் ஃபைல்களில் கடைசியில் சேருங்கள். சேர்ப்பதற்கு முன் ஒன்று: ஓஎஸ் போடும்போது நீங்கள் உங்களுக்கென்று ஒரு அக்கவுண்ட் உருவாக்கியிருப்பீர்கள், அது 1000-ஐப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். பழைய சர்வரிலும் 1000 ஒருவருக்கு இருக்கும். உங்களை முதலில் நகர்த்துங்கள். கடைசியில் பிடபிள்யூசிகே, ஜிஆர்பிசிகே இரண்டையும் ஓட்டிப் பாருங்கள், வரி ஏதாவது கோணலாக இருந்தால் அவை சொல்லிவிடும்.

பழைய மெஷினில் இருப்பது சென்ட்ஓஎஸ் 6 (பழைய லினக்ஸ் வகை) என்றால் அங்கே யூசர் எண் 500-இலேயே தொடங்கிவிடும். 1000 என்று வடிகட்டினால் ஒருவர்கூட வரமாட்டார். புது சர்வரில் 1000-க்குக் கீழே சர்வீஸ் அக்கவுண்டுகள் (ஆட்களுக்கு அல்ல, மென்பொருள்களுக்கானவை) இருக்கும், அதனால் மோதல் இருக்கிறதா என்று ஒவ்வொரு எண்ணாகப் பார்த்துவிட்டுத்தான் சேர்க்க வேண்டும்.

பாஸ்வட் ஃபைலை முழுசாக மேலே போட்டு மூடுவது

டேட்டாபேஸ், மெயில் சர்வீஸ்களுக்கும் எண் உண்டு, அது மெஷினுக்கு மெஷின் மாறும். பழைய ஃபைலை அதன் மேலே போட்டு மூடினால் டேட்டாபேஸ் தன் ஃபைலைத் தானே திறக்க முடியாமல் நிற்கும்.

777

போடாதீர்கள். ஒரு யூசரின் சொந்த ஃபோல்டரான ஹோம் ஃபோல்டரில் மற்றவர்கள் எழுதலாம் என்று இருந்தால், தூரத்திலிருந்து சர்வருக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச் அந்த யூசரின் கீயையே ஏற்காது, ஒரு பிரச்சினை இரண்டாகும்.

ரூட்டாக உட்கார்ந்து சோதிப்பது

ரூட்டுக்கு எல்லாம் திறக்கும். அந்த ஞாயிற்றுக்கிழமை நானும் ரூட்டாகத்தான் நாலு ஃபைலைத் திறந்து பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனேன். அக்காவின் அக்கவுண்டுக்குள் போய் சம்பள ஷீட் திறக்கிறதா பாருங்கள், பையனின் அக்கவுண்டுக்குள் போய் அதே ஷீட் திறக்கவில்லையா என்றும் பாருங்கள். இரண்டாவது சோதனையை யாருமே செய்வதில்லை. அப்புறம் எல்எஸ் கட்டளையோடு எல்-என் சேர்த்து அடித்தால் பெயருக்குப் பதில் எண் வரும், இரண்டு சர்வரிலும் அடித்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள்.

சாம்பாவை மறப்பது

விண்டோஸ் மெஷின்கள் சாம்பா (லினக்ஸ் ஃபோல்டர்களை விண்டோஸுக்குக் காட்டும் மென்பொருள்) வழியாக வரும் ஆபீஸ் என்றால், ஷேடோ ஃபைல் வந்துவிட்டது என்று நிம்மதியாக இருக்க முடியாது. சாம்பா தனக்கென்று தனியாக ஒரு பாஸ்வேர்ட் டேட்டாபேஸ் வைத்திருக்கிறது. பிடிபிஎடிட் என்ற கட்டளையில் அதை எக்ஸ்போர்ட் செய்து கொண்டுவர வேண்டும். இல்லையென்றால் காலையில் ஒவ்வொரு டேபிளாகப் போய்ப் புது பாஸ்வேர்ட் போட்டுக் கொடுக்க வேண்டியதுதான்.

புது ஓஎஸ்ஸிலிருந்து பழைய ஓஎஸ்ஸுக்கு ஷேடோவை எடுத்துப் போவது

2021-இல் வந்த டெபியன் 11 (இன்னொரு லினக்ஸ் வகை) முதல் பாஸ்வேர்டுகள் யெஸ்கிரிப்ட் முறையில் சேமிக்கப்படுகின்றன. சென்ட்ஓஎஸ் 7 மாதிரி பழையவற்றுக்கு அது புரியாது, சரியான பாஸ்வேர்டையும் தவறு என்றே சொல்லும். பழையதிலிருந்து புதியதற்குப் போனால் பெரும்பாலும் தொல்லை இல்லை.

ஹோம் ஃபோல்டரோடு முடிந்தது என்று நினைப்பது

கிரான்டாப் (நேரம் வைத்துத் தானாக ஓடும் வேலைகள்), மெயில் பாக்ஸ், சூடோ அனுமதிகள் (ரூட் வேலையைச் செய்ய விடுபவை) எல்லாம் வேறு இடத்தில் இருக்கின்றன.

பழைய சர்வரை மறுநாளே ஃபார்மட் செய்வது

ஒரு மாதம் தொடாதீர்கள். சம்பளம் போடும் நாள் ஒன்றாவது தாண்டட்டும்.

தண்டையார்பேட்டை தம்பியின் பழைய சர்வரும் அப்படியே இருந்தது. 52 யூசர். இரண்டு பக்க எண்களையும் ஒரு ஷீட்டில் எழுதச் சொன்னேன், 49 பேர் இடம் மாறியிருந்தார்கள். எல்லோரையும் 50,000-க்கு மேலே ஏற்றி இறக்கி முடிக்க அதிகாலை 3 மணி ஆனது. "அண்ணா, அக்கவுண்ட்ஸ் ஃபோல்டரை இன்னொரு யூசரா போய்ப் பார்த்தேன், திறக்கல" என்று அவன் சொன்ன பிறகுதான் போனை வைத்தேன்.